குதிரை கால் வைக்காத மைதானம்

அந்தக் கறுப்புக் குதிரை போட்டி வளையத்தின் வாசலில் நின்றது நின்றதுதான். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கை விடைத்துக்கொண்டு. அதன் மேல் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் குதிகாலால் தட்டுகிறாள், கழுத்தைத் தடவுகிறாள், காதருகே குனிந்து கெஞ்சுகிறாள். ம்ஹூம்.

பின்னாலேயே பெங்களூர்க் குதிரை ஒன்று வந்தது. அதுவும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவதாக வந்த ஓசூர்க் குதிரை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே சுற்றித் திரும்பிக் கொட்டகைக்கே போய்விட்டது.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, “இன்னாத்துக்கு இதுங்க இப்டி அடம் புடிக்குதுங்க?” என்று கேட்டேன்.

குதிரைக்குத் தண்ணீர் காட்ட வந்த வெளியூர் ஆள் ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். “ஏம்மா, உங்களுக்கு நாத்தம் தெரியலையா?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “இன்னா நாத்தம்? நேத்து முழுக்க நாங்க குனிஞ்சி பெருக்கின எடம் இது!”

அவர் குனிந்து தரையிலிருந்து ஒரு பிடி அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். மோந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அந்த மைதானம் முழுக்க நாங்கள் பரப்பியிருந்தது தோல் சீவல். பரப்பச் சொன்ன புண்ணியவதி நான்தான்.

பூட்ஸ் தைத்தவளுக்குக் குதிரை எதற்கு?

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வேலையும் தெரியும், என் வாயும் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக: பெயர் கற்பகம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். என் லைனில் அறுபது பெண்கள். என் குரல் மிஷின் சத்தத்தை மீறிக் கேட்கும் என்பது எனக்கு எதிரிகள் கொடுத்த நற்சான்று.

எங்கள் கம்பெனியில் வெளிநாட்டுக்குக் குதிரையேற்ற பூட்ஸ் போகும். முழங்கால் வரை உயரம், உள்பக்கம் ஆட்டுத்தோல் லைனிங். இருபது வருடம் அதைத் தைத்தும், தைக்க வைத்தும் இருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு யாராவது குதிரை மேல் ஏறி நான் பார்த்ததில்லை. சமைத்துப் போட்டுவிட்டு யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாமல் இருப்பது மாதிரிதான் அது.

அப்புறம் ஒரு நாள் பாலாற்றில் ஷபானாவைப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது? காய்ந்து கெட்டித்த மேட்டில், ரப்பர் செருப்போடு, சேணம்கூட இல்லாமல், ஒரு பழுப்புக் குதிரை மேல் அந்தப் பெண் பறந்துகொண்டிருந்தாள். ஜட்கா வண்டி ஓட்டும் பாஷா பாயின் மகள். குதிரை நூரி, வண்டியில் பூட்டுகிற பெட்டைக் குதிரை. காலையில் வண்டி, சாயங்காலம் தாவல்.

“ஏய் பொண்ணு, விழுந்தா இன்னா ஆவும்?” என்று கத்தினேன்.

“எழுந்துப்பேன் ஆன்ட்டி!” என்று போகிற போக்கில் பதில் வந்தது.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு எனக்கு இன்னும் விடவில்லை. மூங்கில் கம்பும் ட்ரம்மும் வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தவளைச் சுற்றி ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து இன்னும் ஐந்து பேர் சேர்ந்தார்கள். இரண்டே வருடத்தில், இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு குதிரை தாண்டும் போட்டி நடத்துகிறோம் என்று குதிரையேற்றச் சங்கத்துக்கு நாங்களே எழுதிக் கேட்டோம். மேலே இருப்பவர்கள் என்ன நினைத்தார்களோ, சரி என்று சொல்லிவிட்டார்கள். மாதனூர்ப் பக்கம் ஆற்றோரப் பொது மைதானத்தில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போட்டி.

ஷபானாவுக்கு அது விளையாட்டு இல்லை. இளையோர் பிரிவில் முதல் இரண்டு இடம் வருகிறவர்கள் தேசியப் போட்டிக்குப் போகலாம். அவளுக்குச் சீக்கிரமே பதினெட்டு முடிகிறது. அப்புறம் பெரியவர்கள் பிரிவு. அங்கே தாண்ட வேண்டிய கம்பு இன்னும் உயரம், வருகிற குதிரைகளும் வேறு ஜாதி. இளையோர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

எங்களுக்கு மட்டுமே தோன்றும் யோசனை

தாண்டி இறங்குகிற குதிரைக்குத் தரை மெத்தென்று இருக்க வேண்டும். கட்டாந்தரையில் இறங்கினால் கால் போய்விடும். மற்ற ஊரில் ஆற்று மணல் கொட்டுவார்கள். எங்களுக்கு ஆறு மைதானத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் ஒரு கூடை அள்ளினால் கூடையோடு ஆளையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அள்ளக் கூடாது என்றால் கூடாதுதான். பாலாற்றுக்கு இருப்பதே அந்த மணல் மட்டும்தான்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற தோல் பதனிடும் ஷாப்புகளில் தோலின் தடிமனைச் சமமாக்க மிஷினில் கொடுத்துச் சீவுவார்கள். சீவிய தூள் மலை மலையாக விழும். மெத்தென்று, மரத்தூள் மாதிரி. நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. குரோம் ரசாயனம் போட்ட நீலச் சீவல் வேண்டாம், மாட்டுக்கும் ஆகாது மண்ணுக்கும் ஆகாது. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட பழுப்புச் சீவல்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லி வாங்கினேன். பாஷா பாய் வீட்டுப் பின்புறம் அதைப் பரப்பி, நூரி நான்கு மாதம் அதில்தான் பழகினாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எனவே மைதானத்துக்கும் அதையே கொட்டினோம்.

போட்டியை நடத்துகிற எங்கள் கமிட்டியில் பதினோரு பேர். ஒருவருக்காவது, வெளியூர்க் குதிரைக்கு இந்த வாசனை ஒத்துக்கொள்ளுமா என்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. ஏனென்றால் எங்களுக்கு அது வாசனையே இல்லை, காற்று. சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் ரயில் இறங்கும்போதே மூக்கைச் சுளிப்பார்கள். ரொம்பத்தான் அலட்டுகிறார்கள் என்று நினைப்பேன்.

குதிரைக்கு அலட்டத் தெரியாது. செத்த மாட்டின் தோல் வாடை அடித்தால் அது கால் வைக்காது. எங்கள் ஊர்க் குதிரைகள் ஆறும் பிறந்ததிலிருந்து இந்தக் காற்றைக் குடித்தவை. ஜம்மென்று உள்ளே போயின. வெளியூரிலிருந்து வந்த ஒன்பதும் வெளியே நின்றன.

மேஜர் வைத்த இரண்டு வழி

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. எல்லோரும் மேஜர் சார் என்றோம். சத்தம் போடவே மாட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“அஞ்சு குதிரை இறங்கினா போதும், போட்டி கணக்குல சேரும். உங்க குதிரை ஆறு இருக்கு” என்றார் நிதானமாக. “மத்தவங்க வாபஸ் வாங்கிட்டுப் போறதா இருந்தா நடத்திடலாம். இல்லைன்னா இந்தத் தூளை முழுக்க எடுக்கணும், தரையைக் கிளறி விடணும், எட்டுத் தடைக்கும் குதிரை எம்புற இடம், இறங்குற இடம், ரெண்டுலயும் ஆத்து மணல் போடணும். எம் சாண்ட் வேணாம், கூரா இருக்கும். ரெண்டு மணிக்கு வந்து பார்ப்பேன். எது செய்யறதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அப்போது காலை எட்டு.

பாஷா பாய் என் பக்கத்தில் நின்றிருந்தார். மெல்லிய மனிதர், அதிர்ந்து பேசாதவர். அவர் சொன்னார்: “கற்பகம்மா, ஆறு குதிரை இருக்குதே. ஓட்டிடலாமே.”

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்த ஆசைதான் வந்தது. மற்ற ஐந்து உள்ளூர்ப் பிள்ளைகளும் கற்றுக்குட்டிகள். வெளியூர்க்காரர்கள் போய்விட்டால் ஷபானா கண்ணை மூடிக்கொண்டு முதலிடம். நூரி பழகிய தரை வேறு. யாரையும் நாங்கள் துரத்தவில்லையே, அவர்கள் குதிரைதானே வரமாட்டேன் என்கிறது என்று மனசுக்குள் வக்கீல் வேலைகூடப் பார்த்துவிட்டேன்.

ஷபானா எங்களைப் பார்க்கவில்லை. அந்தக் கறுப்புக் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்ற கோயம்புத்தூர்ப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து அவகிட்ட பேசினேன் ஆன்ட்டி. அவளுக்கும் இதான் கடைசி வருஷம்” என்றாள்.

“அதுக்கு?”

“நாமதானே கூப்ட்டோம். வாங்கன்னு லெட்டர் போட்டுக் கூப்ட்டு, உள்ள வரமுடியாம பண்ணிட்டு, நான் ஃபர்ஸ்ட்டுன்னு போய் நிக்கவா?”

அப்பாவும் மகளும் உருதுவில் மளமளவென்று பேசிக்கொண்டார்கள். முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. நூரிக்கு மணல் பழக்கமில்லை, கால் புதையும், தோற்றுப்போவாய் என்கிறார் அவர். தோற்றால் தோற்றதாகவே இருக்கட்டும் என்கிறாள் அவள். கடைசியில் பாஷா பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி உதறி மறுபடி போட்டுக்கொண்டு, வேலியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். மேஜரிடம் போய், இரண்டாவது வழி என்று நான் சொன்னேன். என் குரல் அன்றைக்கு ஒரு நாள்தான் கம்மியாக இருந்தது.

செல்வத்தின் வாசல்

ஆற்று மணல் எங்கே இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீடு கட்டி மீந்தது, கட்டப்போகிறோம் என்று சேர்த்தது, பாதியில் நின்றது என்று வீட்டு வாசல்தோறும் ஒரு குவியல் இருக்கும். தார்பாய் போட்டு, மேலே கல் வைத்து, நகை மாதிரிக் காப்பார்கள். பூனை அதில் கால் வைத்தால்கூடச் சண்டை.

இருப்பதிலேயே பெரிய குவியல் செல்வத்தினுடையது. எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மூன்று மாதமாக எனக்கும் அவனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரு முறை ஷூவின் மேல்தோல் தப்பாக வெட்டி வந்துவிட்டது என்று லைன் முழுக்கக் கேட்க அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். அப்புறம் பார்த்தால் வெட்டுகிற அச்சே தப்பு, அவன் மேல் குற்றமில்லை. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் இல்லையா!

அவன் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை. உள்ளே கறி வேகிற வாசனை. என்னைப் பார்த்ததும் உரிப்பதில் மும்முரமானான்.

“செல்வம், தப்பு என்னுது” என்றேன்.

அவன் நிமிரவே இல்லை. “எந்தத் தப்பு? அன்னிக்கி பண்ணதா, இன்னிக்கி பண்ணதா?”

மைதானத்துச் செய்தி அதற்குள் அவனுக்கு வந்துவிட்டிருந்தது.

“ரெண்டும்” என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தான். “தோல் தூளுல குதிரைய ஓடவுட்ட மொத ஆளு நீங்கதான்க்கா” என்றான். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. எனக்கு அவமானமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

“எத்தினி லோடு வேணும்?”

“உன்கிட்ட இருக்கறது எல்லாம்.”

சிரிப்பு நின்றது. அவன் வீட்டைப் பார்த்தேன். ஆறு வருடமாகச் செங்கல் தெரிய நிற்கிற வீடு. “அடுத்த வாரம் கொத்தனார் வர்றாரு, பூச்சு வேலைக்கு” என்றான். செங்கல் சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து தார்பாய் மேலிருந்த கல்லைத் தூக்கி எறிந்தான். “சாயங்காலம் எனக்குத் திரும்பி வந்துடணும். சொல்லிட்டேன்.”

“என் தலைய அடமானம் வெச்சாவது” என்றேன்.

“அது வேணாம். மணலே குடுங்க.”

லைன் ஓடத் தொடங்கியது

செல்வமே தன் குவியலை முதலில் ஏற்றினான் என்று தெரிந்ததும் தெரு திறந்துகொண்டது. இரண்டு குட்டி யானை வண்டி, ஒரு டிராக்டர். மாரியம்மன் கோயில் மதில் வேலையில் மீந்த மணல், பள்ளிவாசலில் தரை போட்டு மீந்த மணல், கட்டப்படாத கழிவறைகளின் மணல், கட்டியே தீருவேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற மாடி அறைகளின் மணல். என் வீட்டு வாசலில் இருந்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு அம்மா அன்னக்கூடையில் மணலை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். “அடுப்புல குஸ்கா தம்முல இருக்குதும்மா, ரெண்டு கூடைக்கு மேல முடியாது” என்று சொல்லிவிட்டு ஐந்து கூடை கொண்டு வந்தார்.

வீட்டு மணலில் ஆணி இருக்கும், கண்ணாடி இருக்கும். குதிரைக் குளம்பில் ஒன்று ஏறினால் அவ்வளவுதான். என் தையல் லைன் பெண்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், அதைச் செய்தேன். கம்பெனியில் நிற்கிற மாதிரியே வரிசையாக நிற்க வைத்தேன். வண்டியிலிருந்து இறக்க ஆறு பேர், சலிக்கப் பன்னிரண்டு பேர், சலித்ததைக் கையால் துழாவிப் பார்க்க எட்டு பேர், சுமக்க மற்றவர்கள். கடைசியில் செக்கிங்குக்கு நான். ஒரு கூடையில் ஓட்டுத் துண்டு ஒன்று இருந்தது. முழுக் கூடையையும் திருப்பி அனுப்பினேன்.

“ஞாயித்துக்கெழமகூட ரிஜெக்ட்டா?” என்று ஒருத்தி கத்தினாள்.

“குதிரைக்கு ஞாயித்துக்கெழம தெரியாது, சலிடி!” என்றேன்.

ஆண்கள் சீவலை வாரி மூட்டை கட்டினார்கள். டிராக்டர் தரையைக் கிளறியது. தண்ணீர் தெளித்தோம். வெளியூர்க்காரர்கள் முதலில் நிழலில் நின்று பார்த்தார்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் வந்து, எதுவும் கேட்காமல் ஷபானாவுக்கு எதிர்ப்பக்கம் கூடையின் காதைப் பிடித்தாள். அப்புறம் மற்றவர்களும் வந்தார்கள். மூக்கைப் பொத்திய ஆள், அதே துண்டைச் சும்மாடாகச் சுற்றி மணல் சுமந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பாஷா பாய் மட்டும் மோர் குடிக்கக்கூட நிற்கவில்லை.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எட்டாவது தடை முடிந்தது. மேஜர் குச்சியால் ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். பிறகு கறுப்புக் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

வாசலில் அது நின்றது.  தலையைத் தாழ்த்தி, மண்ணை மோந்தது. ஒரு கால். இன்னொரு கால். உள்ளே போய்விட்டது. மைதானத்தைச் சுற்றி நின்ற நானூறு பேர் கைதட்டத் தூக்கிய கையை, “மெரளும்டா, சும்மா இருங்க!” என்று நான் போட்ட அதட்டல்தான் தடுத்தது.

ஆறாவது தடை

ஷபானா ஒன்பதாவதாக இறங்கினாள். முதல் தடை தாண்டி மணலில் இறங்கியதுமே நூரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால் புதைகிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். ஷபானா குனிந்து ஏதோ சொன்னாள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றிலும் நூரி மூச்சிரைக்க வேலை செய்தாள். ஆறாவது தடையில் பின்னங்கால் கம்பில் இடித்தது. கம்பு உருண்டு விழுந்தது.

பெங்களூர்க் குதிரை முதலிடம். கோயம்புத்தூர்ப் பெண்ணின் கறுப்புக் குதிரை இரண்டாவது. இரண்டும் ஒரு கம்பையும் தட்டவில்லை. ஷபானா மூன்றாவது.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.  நான்கு மாதம் அந்தக் குதிரையைத் தப்பான தரையில் பழக வைத்தது என் யோசனை. ஆளைச் சேர்த்து, லைன் ஓட்டி, செக்கிங் பார்த்து, அவளைத் தோற்கடிக்கிற தரையை ஒரு குறையில்லாமல் செய்து முடித்ததும் நான். பாஷா பாய் டீயோடு வந்தார். கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்தரை மணிக்கு வெளியூர் வண்டிகள் எல்லாம் போய்விட்டன. மணல் கொடுத்தவர்கள் சாக்கும் மண்வெட்டியுமாக வரத் தொடங்கினார்கள். செல்வமும் வந்தான், தோளில் காலிச் சாக்குக் கட்டு.

வளையத்துக்குள் ஷபானா இருந்தாள். நூரிக்குத் தண்ணீர் காட்டி, வியர்வை ஆற வைத்து, மறுபடி மெதுநடையில் மணல் மேல் நடத்திக்கொண்டிருந்தாள். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் உள்ளே போனேன். கேட்க விடவில்லை அவள்.

“ஆன்ட்டி, இந்த மணலு இருந்தா நல்லா இருக்கும். இனிமே இதுலதான் பழகணும்.”

“இளையோர் பிரிவு முடிஞ்சி போச்சேடி கண்ணு.”

“பெரியவங்க பிரிவு இருக்குதே” என்றாள். கண் சிவந்திருந்தது, குரல் நேராக இருந்தது. “நூரிக்கு இன்னிக்குத்தான் மணலு தெரிஞ்சிருக்குது. விடக் கூடாது.”

நான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் செல்வம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர்.  ஆறு வருடமாகப் பூசாத வீட்டுக்காரனிடம் மணலை விட்டுக்கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

செல்வம் மணல் அள்ளக் கொண்டுவந்த சாக்குக் கட்டைக் கீழே போட்டான். நேராக ஆறாவது தடைக்கு நடந்தான். விழுந்த கம்பு அங்கேயே கிடந்தது. குனிந்து ஒரு முனையைத் தூக்கி, தூணில் பழைய துளையில் வைக்கப் போனான்.

“அங்க இல்லண்ணா” என்றாள் ஷபானா. “ஒரு துளை மேல வைங்க. பெரியவங்க பிரிவு உசரம் அது.”

அவன் என்னைப் பார்த்தான். “இன்னாக்கா வேடிக்க? அந்தப் பக்கம் புடிங்க” என்றான்.

மறுமுனையை நான் தூக்கினேன்.